சின்சில்லாவுக்குப் புல்: எதை வாங்கலாம், எப்படிப் பார்த்து வாங்கலாம்?

செல்லப்பிராணிகள் பக்கத்துக்கு வரும் கேள்விகளில் நாயும் பூனையும்தான் எப்போதும் முன்னால் நிற்கும். இந்த முறை சின்சில்லா வளர்ப்பவர்கள் முந்திக்கொண்டார்கள். அதிலும் முக்கால்வாசிப் பேர் கேட்டிருப்பது ஒன்றைத்தான்: காய்ந்த புல் இந்த விலை விற்கிறதே, என்ன செய்வது? சின்சில்லாவைப் பார்த்திராதவர்களுக்காக ஒரு வார்த்தை. சொந்த ஊர் தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலை. சுமார் அரைக் கிலோ எடை, உடம்பெல்லாம் அடர்ந்த பட்டு மயிர், பகலில் தூக்கம், ராத்திரி முழுக்கத் துள்ளல். அந்த மயிருக்காகவே காட்டில் இருந்தவற்றை வேட்டையாடித் தீர்த்தார்கள். 1923இல் மத்தியாஸ் சாப்மன் என்ற அமெரிக்கர் சிலியிலிருந்து 11 சின்சில்லாக்களை கலிஃபோர்னியாவுக்குக் கொண்டுபோனார். இன்று அமெரிக்க வீடுகளில் இருப்பவற்றில் பெரும்பாலானவை அவற்றின் வழிவந்தவைதான். நன்றாகக் கவனித்தால் 15 வருடம், சில 20 வருடம்கூட இருக்கும். அத்தனை வருடமும் புல் வாங்கியாக வேண்டும், அதனால் கணக்குப் பார்ப்பதில் தப்பே இல்லை.

கேள்வி: அக்கா, எங்கட வீட்டில ரெண்டு சின்சில்லா நிக்குது, மகளின்ர ஆசைக்கு வாங்கினது. பெட் கடையில விக்கிற டிமோதி புல்லுக்கு மாசாமாசம் நல்ல காசு போகுது. ஃபார்மில குதிரைக்கு விக்கிற புல்லுக்கட்டை வாங்கினா மலிவு எண்டு ஒரு சிநேகிதி சொல்லுறா. அது சரிவருமோ, இல்லாட்டிக் கடைப் புல்தான் தரமோ?
– ஒரு வாசகி, ஸ்காபரோ, கனடா

பதில்: தாராளமாகச் சரிவரும். பையில் இருப்பதும் கட்டில் இருப்பதும் ஒரே டிமோதிதான். பைக்கு நீங்கள் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு தரம் பிரித்ததற்கும், பொதி கட்டியதற்கும், லாரி வாடகைக்கும், கடை அலமாரிக்கும் போகிறது. நீங்கள் இருப்பதோ டிமோதி விளைகிற ஊர். அக்ஸ்பிரிட்ஜ், போர்ட் பெரி பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காரை விட்டால் வழியிலேயே புல் விற்கும் பண்ணைகள் இருக்கும். சின்னச் சதுரக் கட்டு ஒன்று 18 முதல் 23 கிலோ வரை வரும். ஒரு கிலோ என்ன விலைக்கு விழுகிறது என்று கடைப் பையோடு வகுத்துப் பாருங்கள், உங்கள் சிநேகிதி சொன்னது புரிந்துவிடும்.

ஆனால் பண்ணைக்காரரிடம் சில கேள்வி கேட்காமல் கட்டைக் காரில் ஏற்றாதீர்கள். முதலாவது, இது வெறும் டிமோதியா அல்லது அல்ஃபால்ஃபா, அதாவது நம் ஊர்க் குதிரைமசால், கலந்ததா? ஒன்ராறியோவில் மாட்டுக்கும் குதிரைக்கும் கலந்து விதைப்பது சர்வ சாதாரணம், கேட்காவிட்டால் அவராகச் சொல்ல மாட்டார், அவர் பார்வையில் கலப்புதான் நல்ல தீவனம். உங்களுக்கு அல்ஃபால்ஃபா கலக்காத புல்தான் வேண்டும், ஏன் என்பதைக் கீழே கோவை வாசகருக்குச் சொல்லியிருக்கிறேன். டிமோதியோடு வேறு புல் வகை, உதாரணமாக ஆர்ச்சர்ட் புல், கலந்திருந்தால் பாதகமில்லை. இரண்டாவது, அறுத்துப் போட்ட பிறகு மழை பட்டதா? பட்டிருந்தால் சத்தும் போயிருக்கும், பூஞ்சை பிடிக்கவும் வாய்ப்பு அதிகம். மூன்றாவது, எத்தனையாவது அறுப்பு? முதல் அறுப்பு ஜூன் கடைசி, ஜூலை தொடக்கத்தில் வரும். தண்டு கனமாக இருக்கும், கதிர் நிறைய இருக்கும், நார்ச்சத்தும் அதிகம். கம்பங்கதிரை விரல் நீளத்துக்குச் சுருக்கி மெலிய வைத்த மாதிரி இருக்கும் டிமோதி கதிர், அதைத்தான் சின்சில்லா முதலில் தேடிக் கடிக்கும். இரண்டாம் அறுப்பில் தண்டும் இலையும் ஏறக்குறையச் சமமாக வரும். மூன்றாவது அறுப்பு மெத்துமெத்தென்று பச்சையாக இருக்கும், பார்க்க அழகு, விலையும் பெரும்பாலும் கூடுதல், ஆனால் வளர்ந்த சின்சில்லாவின் பல்லுக்கு அதில் வேலை குறைவு. முதல் இரண்டில் எது கிடைத்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பல்லைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், புல்லின் தரம் என்று நாம் பேசுவதெல்லாம் கடைசியில் அங்கேதான் போய் நிற்கும். சின்சில்லாவின் பல் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பல் மட்டுமே வருடத்துக்கு 5 முதல் 7 சென்டிமீட்டர் வளரும், கடைவாய்ப் பற்களும் நிற்பதில்லை. நீளமான புல்லைத் தாடையைப் பக்கவாட்டில் ஆட்டி ஆட்டி அரைக்கும்போதுதான் அவை தேயும். கடையில் விற்கும் பெல்லட்டை, அதாவது அரைத்து உருட்டிய குச்சித் தீவனத்தை, கடித்தால் அது நொறுங்கிவிடும், பல் தேயாது. புல்லைப் பொடித்து அச்சில் போட்டு விற்கும் கட்டிகளுக்கும் இதே கதிதான், விலையைப் பார்த்து அதை வாங்கி மிச்சம் பிடிக்க வேண்டாம்.

கட்டைப் பார்க்கும் விதம்: வெளிப்பக்கம் வெயிலில் வெளுத்திருந்தால் கவலைப்படாதீர்கள், அது மேல் தோல் மட்டும்தான். கயிற்றை அறுத்து நடுவிலிருந்து ஓர் அடுக்கை உருவச் சொல்லுங்கள், உள்ளே கை வைத்துப் பாருங்கள். சூடாகவோ பிசுபிசுவென்றோ இருந்தால் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். ஈரத்தோடு கட்டியது, உள்ளே புழுங்கிக்கொண்டிருக்கிறது. மூக்கருகே வைத்து முகர்ந்தால் லேசான இனிப்பு வாசம் வர வேண்டும். பழைய சாக்கு வாடை வந்தால் வேண்டாம். அப்புறம் ஒரு கறுப்புத் துணி கொண்டுபோய், ஒரு கைப்பிடிப் புல்லை அதன்மேல் நன்றாக உதறுங்கள். துணியில் இலைத்தூள் விழுவது சகஜம், சாம்பல் நிறத்தில் மாவு மாதிரிப் படிந்து புகையாக எழும்பினால் அது பூஞ்சை. தண்டை மடக்கினால் படக்கென்று ஒடிய வேண்டும், நாராக வளைந்துகொடுத்தால் இன்னும் காயவில்லை.

எவ்வளவு வாங்குவது? இரண்டு சின்சில்லாவுக்கு, கீழே இறைத்து வீணாக்குவதையும் சேர்த்தால், மாதம் 2 முதல் 3 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டு ஏழெட்டு மாதம் ஓடும். நன்றாகக் காய்ந்த புல்லைக் காற்றோட்டமான, வெயில் படாத, சிமெண்டுத் தரையைத் தொடாத இடத்தில் வைத்தால் ஒரு வருடம்வரை தாங்கும். கராஜில் ஒரு மரப்பலகைமேல், பழைய போர்வையால் மூடி வையுங்கள், தார்ப்பாய் வேண்டாம், உள்ளே வியர்த்துவிடும். அடுக்குமாடியில் இருந்தால் முயல், கினிப்பன்றி வளர்ப்பவர்கள் யாரையாவது சேர்த்துக்கொண்டு ஒரு கட்டைப் பிரித்துக்கொள்ளலாம். பூச்சி பயம் இருந்தால் வாரத்துக்குத் தேவையானதை ஒரு பையில் போட்டு இரண்டு நாள் ஃப்ரீசரில் வைத்து, பிறகு ஈரம் போகப் பரப்பிவிட்டுக் கொடுங்கள். வாங்குகிற காலமும் முக்கியம். அறுவடை முடிந்த கோடையில் விலை இறங்கும், பிப்ரவரி மார்ச்சில் கேட்டால் பண்ணைக்காரர் சொல்வதுதான் விலை.

பழைய புல்லிலிருந்து புதியதுக்கு ஒரேயடியாக மாற்றாமல் பத்து நாள் கலந்து கொடுங்கள்.

கேள்வி: பெரிய பையாக வாங்கினால் கிலோவுக்கு விலை குறைகிறது என்று வாங்கினேன். திறந்து சில வாரங்களிலேயே ஒரு மாதிரி வாடை வந்துவிட்டது. காற்றுப் புகாத டப்பாவில் வைத்திருக்கலாமோ? வெயிலில் காயவைத்துக் கொடுக்கலாமா?
– ஒரு வாசகர், ஈசூன், சிங்கப்பூர்

பதில்: கொடுக்காதீர்கள், தூக்கிப் போடுங்கள். வெயிலில் வைத்தால் வாடை போகலாம், பூஞ்சை விட்டுச் சென்ற நஞ்சு போகாது. சின்சில்லாவால் வாந்தி எடுக்க முடியாது என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே போனது போனதுதான்.

ஸ்காபரோ வாசகிக்குச் சொன்ன கணக்கு சிங்கப்பூருக்குப் பொருந்தாது. உங்கள் ஊர்க் காற்றில் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டுவது அன்றாடம் நடப்பது, திறந்த பை அதையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இங்கே சின்னப் பைதான் லாபம், பாதியைக் குப்பையில் போட்டால் கிலோ விலை இரட்டிப்பாகிவிடுகிறதே. பெரிய பைதான் வேண்டும் என்றால் வாங்கிய அன்றே வாரத்துக்கு ஒன்று வீதம் கெட்டியான பைகளில் பிரித்து இறுக்கிக் கட்டி, ஏசி ஓடும் அறையில் வையுங்கள். சின்சில்லா இருக்கும் அறையில் எப்படியும் ஏசி ஓடும், அந்த அலமாரியே போதும். காற்றுப் புகாத டப்பா என்பது புல் முழுக்கக் காய்ந்திருந்தால் மட்டும் நல்லது, கொஞ்சம் ஈரம் இருந்தாலும் அதையும் சேர்த்துப் பூட்டி வைக்கிற மாதிரி ஆகிவிடும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் போடுவதானால் விலங்குக்குப் போடும் புல்லோடு சேர்ந்து கூண்டுக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சமையலறையிலும், துணி காயப்போடும் இடத்திலும் வைக்கவே வேண்டாம்.

கேள்வி: சென்னையில் இறக்குமதி டிமோதி விலை கையைக் கடிக்கிறது. மாட்டுக்குப் போடும் வைக்கோல், கம்பு நேப்பியர், அருகம்புல் எல்லாம் இங்கே மலிவாகக் கிடைக்கிறதே, அதில் எதையாவது கொடுத்தால் என்ன?
– ஒரு வாசகி, அண்ணா நகர்

பதில்: நியாயமான கேள்வி. டிமோதி குளிர்ப் பிரதேசத்துப் புல், நம் சமவெளியில் வராது, அதனால்தான் கப்பல் வாடகையும் சேர்த்து உங்கள் தலையில் விழுகிறது.

வைக்கோலை விட்டுவிடுங்கள். நெல்லை அடித்து எடுத்த பிறகு மிஞ்சும் தாளில் புரதம் மிகக் குறைவு, சிலிக்கா அதிகம். மாட்டுக்கு நாலு அறை வயிறு இருக்கிறது, புண்ணாக்கும் தவிடும் சேர்த்துக் கொடுக்கிறோம், சமாளித்துவிடும். கம்பு நேப்பியரும் கொழுக்கட்டைப் புல்லும் ஆக்சலேட் உள்ள புல் வகைகள், கால்சியத்தை உடம்பில் சேரவிடாது, இவற்றையே தின்று வளரும் குதிரைகளுக்கு எலும்பு கெட்டுப்போவது தெரிந்த விஷயம். பல்லே பிழைப்பாக இருக்கும் ஒரு பிராணிக்கு முக்கிய உணவாக இவற்றை நான் சொல்ல மாட்டேன்.

அருகம்புல் வேறு. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பெர்முடா புல் என்று கட்டுக் கட்டாகக் குதிரைக்கு விற்பது இதே அருகம்புல் இனம்தான், சின்சில்லாவுக்கும் முயலுக்கும் காயவைத்துக் கொடுக்கலாம். ஆனால் எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். கோயில் வாசலில் விற்கும் அருகம்புல் வாடாமலிருக்கத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பது, எங்கே பறித்தது என்று விற்பவருக்கே தெரியாது. சாலையோரத்தில் நாய் மூத்திரம், வண்டிப் புகை, களைக்கொல்லி எல்லாம் உண்டு. சொந்தத்தில் யாருக்காவது மருந்தடிக்காத தோட்டம் இருந்தால் நல்லது, மொட்டைமாடித் தொட்டியிலும் வளரும். அறுத்ததை மெல்லிசாகப் பரப்பி, நிழலில், காற்று வரும் இடத்தில் போட்டு, தினம் இரண்டு தடவை புரட்டிவிடுங்கள். தண்டு ஒடியும் பதம் வந்ததும் எடுத்துவைத்துவிடலாம். குவித்து வைத்தால் உள்ளே வெந்து கறுத்துவிடும். பச்சையாக அள்ளிப் போடாதீர்கள், வயிறு உப்பிக்கொள்ளும். டிமோதியை அடியோடு நிறுத்தாமல் பாதிக்குப் பாதி கலந்து கொடுத்தால் செலவு இறங்கும். அருகம்புல் தண்டு மெலிது, பல்லுக்கு டிமோதித் தண்டும் கொஞ்சம் வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்தப் பிராணிக்கு 25 டிகிரிக்கு மேல் போனாலே கஷ்டம், சென்னையில் வருடத்தில் பெரும்பாலான நாள் இரவும் பகலும் ஏசி போட்டாக வேண்டும். அந்தக் கரண்ட் பில்லுக்கு முன்னால் புல் செலவு ஒரு செலவே இல்லை. ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்குத்தான் இந்தப் பதில், வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு என் பதில் வேண்டாம் என்பதே.

கேள்வி: ஐந்து மாதக் குட்டி. கோவையில் குதிரைமசால் சுலபமாகக் கிடைக்கிறது, விற்றவர் அதையே காயவைத்துக் கொடுக்கச் சொல்கிறார். கொடுத்துக்கொண்டே இருக்கலாமா?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: குதிரைமசால்தான் வெளிநாட்டில் அல்ஃபால்ஃபா என்று விற்பது. குட்டிக்கும், சினையாக இருப்பதற்கும், பால் கொடுப்பதற்கும் நல்லது. டிமோதியைவிடப் புரதம் ஏறக்குறைய இரண்டு மடங்கு, கால்சியம் அதற்கும் மேலே. அதனாலேயே வளர்ந்ததற்கு ஆகாது, எடை கூடும், சிறுநீரில் கல் வரவும் இடமுண்டு. உங்கள் குட்டிக்கு இப்போதிலிருந்தே புல்லையும் கலந்து பழக்குங்கள், ஒரு வயதுக்குள் முழுக்கப் புல்லுக்கு வந்துவிட வேண்டும். பச்சைக் குதிரைமசால் எந்த வயதிலும் வேண்டாம்.

கேள்வி: குதிரைச் சாமான் விற்கும் கடையில் பிளாஸ்டிக் சுற்றிய புல் பொதி ஒன்று, ஹேலேஜ் என்று எழுதியிருக்கிறது, மலிவாகவும் தூசியில்லாமலும் இருக்கிறது. வாங்கலாமா?
– ஒரு வாசகி, ஹாரோ, லண்டன்

பதில்: கூடாது. அது அரை ஈரத்தில் கட்டிப் புளிக்கவிட்ட புல், குதிரைக்குச் சரி, சின்சில்லா வயிற்றுக்கு ஆகாது. அதே கடையில் சாதாரணக் காய்ந்த மேய்ச்சல்நிலப் புல் கட்டாக இருக்கும், அதை வாங்குங்கள். பல வகைப் புல் கலந்திருப்பதால் சின்சில்லாவும் சலிக்காமல் தின்னும். படுக்கைக்கு என்று விற்பது வேறு, தின்பதற்கு என்று விற்பது வேறு, கேட்டு வாங்குங்கள். உங்கள் ஊரில் ராக்வர்ட் என்று மஞ்சள் பூப் பூக்கும் ஒரு களை உண்டு, ஈரலைக் கெடுக்கும். பச்சையாக இருக்கும்போது கசப்பதால் விலங்குகள் ஒதுக்கிவிடும், காய்ந்த பிறகு கசப்புப் போய்விடும், நஞ்சு போகாது. புல்லுக்கு நடுவில் தடித்த தண்டும் சுருண்ட இலையுமாக எது தெரிந்தாலும் பொறுக்கி எறியுங்கள், நிறையத் தெரிந்தால் கட்டையே திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி: புல் பையைத் திறந்தாலே என் கணவர் தும்மித் தீர்க்கிறார். சின்சில்லாவைக் கொடுத்துவிடச் சொல்கிறார். வேறு வழி உண்டா?
– ஒரு வாசகி, எடிசன், நியூ ஜெர்சி

பதில்: கணவரையோ சின்சில்லாவையோ யாருக்கும் கொடுக்க வேண்டாம். டிமோதி மகரந்தம் ஒவ்வாமைக்குப் பேர்போனது. கதிர் அதிகமுள்ள முதல் அறுப்பில்தான் அது அதிகம், ஆகவே முதலில் இரண்டாம் அறுப்புக்கு மாறிப் பாருங்கள். ஆர்ச்சர்ட் புல்லுக்கு மாறச் சொல்வார்கள், சிலருக்கு உதவும், ஆனால் அதுவும் டிமோதிக்கு நெருங்கிய உறவு, தும்மல் நிற்கும் என்று உறுதி சொல்ல முடியாது. பெர்முடா புல் சற்றுத் தூரத்து இனம், அதையும் முயன்று பார்க்கலாம். புல்லை வெளியே பால்கனியில் நின்று உதறிவிட்டு உள்ளே கொண்டுவாருங்கள், போடுகிற வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கு மூச்சு இரைத்தால் மட்டும் தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி: சிட்னியில் சின்சில்லா எங்கே வாங்கலாம்?
– ஒரு வாசகர், சிட்னி

பதில்: எங்கேயும் வாங்க முடியாது, ஆஸ்திரேலியாவில் செல்லப்பிராணியாக வளர்க்க அனுமதியில்லை. கினிப்பன்றி வளருங்கள். மேலே சொன்ன புல் விஷயம் கிட்டத்தட்ட அப்படியே பொருந்தும், கூடுதலாக அதற்கு வைட்டமின் சி மட்டும் உணவில் தினமும் வேண்டும்.

கேள்வி: விலை உயர்ந்த புல் வாங்கிப் போட்டாலும் எங்கள் சின்சில்லா இலையை மட்டும் தின்றுவிட்டுத் தண்டைக் கீழே தள்ளிவிடுகிறது. பாதிக்கு மேல் வீண். பெல்லட்டைக் கூட்டிவிடலாமா?
– ஒரு வாசகி, பாரிஸ்

பதில்: கூட்டாதீர்கள், குறையுங்கள். ஒரு நாளைக்கு ஒன்றிலிருந்து இரண்டு மேசைக்கரண்டிக்குள் பெல்லட் போதும், அதற்கு மேல் கிடைத்தால் எந்தப் பிராணிதான் தண்டைக் கடிக்கும்? உலர்திராட்சை, விதை, கொட்டை கலந்த பாக்கெட்டுகளை அறவே நிறுத்துங்கள், அந்தக் காசில் நல்ல புல் வாங்கலாம். சாயங்காலம் அது விழிக்கும் நேரத்தில் புதுப் புல்லைப் போடுங்கள், தரையில் இல்லாமல் கம்பித் தட்டில் அல்லது அட்டைக் குழாயில் செருகி. வலைப்பை வேண்டாம், கால் மாட்டிக்கொள்ளும். மூத்திரம் பட்டதை அப்புறப்படுத்துங்கள். படாமல் கீழே கிடக்கும் தண்டை உதறி, மறுநாள் புதுப் புல்லோடு கலந்து மறுபடி வைக்கலாம். கொஞ்சம் வீணாகத்தான் செய்யும்.

ஆனால் நேற்றுவரை தண்டைத் தின்றுகொண்டிருந்தது இப்போதுதான் ஒதுக்க ஆரம்பித்திருக்கிறது என்றால் புல்லைக் குறைசொல்லும் முன் வாயைப் பார்க்கச் சொல்லுங்கள். தாடை மயிர் நனைந்திருக்கிறதா, கண்ணில் நீர் வடிகிறதா, புழுக்கை சின்னதாக, வறண்டு, எண்ணிக்கையில் குறைந்து போகிறதா என்று கவனியுங்கள். முன்பல் மஞ்சள் ஆரஞ்சாக இருப்பதுதான் அதற்கு ஆரோக்கியம், வெளுத்திருந்தால் சரியில்லை. கடைவாய்ப் பல் கூர்மையாக வளர்ந்து கன்னத்தைக் குத்துவது வெளியிலிருந்து தெரியாது, மருத்துவர் வாய்க்குள் கருவி வைத்துப் பார்த்தோ எக்ஸ்ரே எடுத்தோதான் கண்டுபிடிக்க முடியும். வாரம் ஒரு முறை சமையலறைத் தராசில் நிறுத்து எழுதி வையுங்கள், எடை தொடர்ந்து இறங்கினால் மருத்துவரிடம் போங்கள். ஒரு ராத்திரி முழுக்க எதுவுமே தின்னவில்லை என்றால் மறுநாள்வரை பார்க்கலாம் என்று உட்கார்ந்திருக்காமல் அன்றைக்கே போய்விடுங்கள்.